ஆட்டுக் கண்ணும் ராகு காலமும்

2024ஆம் ஆண்டு ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பது. வெளியே மூடுபனி. எதிர் வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. அது பனியாலா என் கண்ணாலா என்று பிறகு வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி இருபத்திரண்டு டிகிரி காட்டியது.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில், தயிர்ச் சட்டிக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் நடுவில், ஒரு மணி நேரமாக ஓர் எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. அதை எடுத்தேன். உள்ளே, ஆட்டுக் கண்ணிலிருந்து நான் பிளேடால் அறுத்து எடுத்த வில்லை. வைக்கும்போது சின்ன நுங்குச் சுளைபோலத் தெளிவாக இருந்தது, இப்போது நடுவில் பால் விட்டதுபோல வெளுத்திருந்தது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு இருநூறு வரை எண்ணினேன். திறந்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பால் போயிருந்தது. வில்லையின் வழியாக என் கைரேகை தெரிந்தது.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். எந்தச் சோதனையும் முதல் தடவையே சரியாக வந்து பார்த்ததில்லை. சரியாக வந்ததாக மாணவர்களை எழுத வைத்துத்தான் பழக்கம். இது வந்துவிட்டது. கையில் வில்லையோடு நடுவீட்டில் நின்றேன். என் மனைவி தயிர் எடுக்க வந்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"என்னங்க அது?"

"ஆட்டுக் கண்ணு."

"தயிருக்குப் பக்கத்துலயா வச்சிருந்தீங்க?"

அன்று அந்தத் தயிர்ச் சட்டி கொல்லைப்புறம் போனது. திரும்பி வரவில்லை.

நான் ஏன் ஆட்டுக் கண்ணை வாங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும். டிசம்பர் கடைசியில் டவுனில் ஒரு கண் டாக்டரிடம் போயிருந்தேன். டாக்டர் சின்னப் பெண், என் கடைசி மாணவிகளைவிடச் சின்னவள். வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், பதினெட்டாயிரம் ஆகும் என்றார். தள்ளிப்போட்டால் புரை முற்றி இறுகிவிடும், எடுப்பது கஷ்டம் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். எல்லோருக்கும் செய்வதுதானே, அரை மணி நேர வேலை என்று அவர் சொன்னதற்கும் தலையாட்டினேன்.

ஆனால் நான் எல்லோரும் அல்ல. எனக்குப் புழக்கத்தில் இருப்பது ஒரு கண்தான். இடது கண்ணில் ஒன்பது வயதில் கிட்டிப்புள் அடித்தது. அதில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. மற்றவர்கள் ஒரு கண்ணைக் கத்திக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றால் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். நான் கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு நன்றாக ஆகிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். மிச்சம் இருக்கிற அந்த ஒருவரின் வீட்டு விலாசம் எது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பொங்கலுக்கு மகள் வந்தாள். பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். புரதங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை எளிய இயற்பியல் மாதிரிகளைக் கொண்டு புரிந்துகொள்வது அவள் வேலை. சொந்தக்காரர்கள் கேட்டால் "கம்ப்யூட்டரில் வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறோம், ஒருவரும் மேற்கொண்டு கேட்பதில்லை. இந்தத் தடவை நான் கேட்டேன். அவள் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். ஒரு பெட்டிக்குள் ஆயிரம் உருண்டைகள் முட்டிக்கொண்டும் மோதிக்கொண்டும் திரிந்தன.

"எங்கம்மா புரதம்?"

"இதுதான்பா."

"இது கோலிக்குண்டு."

"ஒரு புரோட்டீன்ல ஆயிரக்கணக்குல அணு இருக்குப்பா. அத்தனையும் வச்சுக் கணக்குப் போட்டா கம்ப்யூட்டர் தாங்காது. அதனால ஒரு புரோட்டீன் ஒரு உருண்டை. மேல நாலஞ்சு எடத்துல மட்டும் லேசா ஒட்டும்."

"கோலி வெளையாட கவர்ன்மெண்டு ஒனக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்குது."

"ஆமா. நீங்க முப்பத்து மூணு வருஷம் எடையில்லாத கயித்துல கல்லைக் கட்டித் தொங்கவிட்டீங்க. அதுக்கும் குடுத்தாங்க."

என் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தாள். அவள் நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். யாராவது என்னை மடக்கினால் அவள் காதுக்கு மட்டும் எப்படியோ கேட்டுவிடும்.

மகள் சொன்ன விஷயம் இவ்வளவுதான். கண்ணின் வில்லை முழுக்கப் புரதம். புரதங்கள் நெருக்கமாக, ஆனால் சீராகப் பரவியிருந்தால் வெளிச்சம் தடையில்லாமல் போகும். அங்கங்கே கூட்டம் கூடிவிட்டால் வெளிச்சம் சிதறும், வில்லை வெளுக்கும். அவளுடைய உருண்டைகளுக்கு ஒட்டும் ஆசை கொஞ்சம்தான். சூடாக இருந்தால் துள்ளிக்கொண்டே இருக்கும், ஒட்டாது. குளிரவைத்தால் துள்ளல் குறைந்து கும்பல் கும்பலாகச் சேரும். திரும்பச் சூடாக்கினால் கலைந்துவிடும்.

"நிஜத்துலயும் இப்படி உண்டுப்பா. குட்டி மிருகத்தோட கண் லென்ஸைக் குளிர்ல வச்சா வெளுத்துரும். சூடு பட்டாத் திரும்பத் தெளிஞ்சுரும்."

"தெளிஞ்சுருமா?"

"தெளிஞ்சுரும்."

அவள் ஊருக்குப் போன பிறகு நாலு நாள் அந்த ஒரு வார்த்தையோடு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கறிக்கடைக்குப் போய் ஓர் ஆட்டுத் தலை வாங்கினேன். அதற்குப் பிறகு ஆறு நாற்பதுக்கு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மறுநாளே வைத்தியம் ஆரம்பித்தேன். கையில் ஏந்திய சூட்டுக்கே ஆட்டு வில்லை தெளிந்துவிட்டது. என் கண் முப்பத்தேழு டிகிரி உடம்புக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு தெளியாமல் இருக்கிறது. அப்படியானால் அதற்கு இன்னும் கொஞ்சம் தேவை. ஐந்து டிகிரி சேர்த்து நாற்பத்திரண்டு என்று வைத்துக்கொண்டேன். புது வெப்பமானி ஒன்று வாங்கினேன். காலையும் மாலையும் வெந்நீரில் துணியை நனைத்து, பிழிந்து, மூடிய கண்மேல் இருபது நிமிடம் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பேன்.

"டாக்டர் மூணு மாசம்னு சொன்னாங்க" என்றாள் மனைவி.

"மூணு மாசம் இருக்குல்ல. அதுக்குள்ள தெளியலைன்னா போயிருவோம்."

"பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன். இதுக்கு எதுக்கு ஆட்டை இழுக்குறீங்க?"

துணி கண்மேல் இருந்ததால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

முன்னேற்றத்தை அளக்க ஒரு முறை வேண்டும். எங்கள் கூடத்துத் தரையில் ஓரடிக்கு ஓரடி ஓடு பதித்திருக்கிறது. எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர். தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தாளைக் கிழிப்பவன் நான்தான். மாலையில் ஓர் ஓட்டின்மேல் நின்று, தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ராகு கால நேரத்தைப் படிப்பேன். தொடர்ந்து சில வாரம் படிக்க முடிந்தால் ஓர் ஓடு பின்னால். ஜனவரியில் சுவரிலிருந்து நாலாவது ஓட்டில் தொடங்கினேன். பிப்ரவரி நடுவில் ஆறாவது ஓட்டிலிருந்து படித்தேன். மார்ச்சில் ஏழரை. அரை ஓடு என்பது குதிகால் கோட்டின்மேல் இருந்தால்.

நடுவில் ஒரு சின்னக் குழப்பம் வந்தது. பிப்ரவரியில் இன்னொரு தலை வாங்கி, அதே கிண்ணத்தில், அதே தட்டில் வைத்தேன். இந்தத் தடவை தயிருக்குப் பக்கத்தில் அல்ல. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வில்லை கண்ணாடிபோல இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்தும் அப்படியே. இந்த இடத்தில் அறிவுள்ளவன் என்ன முடிவுக்கு வருவான்? ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வந்தேன். மெக்கானிக் வந்தார், கையை உள்ளே விட்டுப் பார்த்தார், கதவை இரண்டு தடவை சாத்தினார், "நல்லாத்தானே சார் ஓடுது" என்று முந்நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கேட்டேன்.

"தம்பி, போன வாரம் குடுத்தது என்ன ஆடு?"

"இளங்குட்டி சார். பல்லே போடலை."

"பொய் சொல்றீங்க. அது கெழடு."

கடையில் ஒன்பது பேர் நின்றார்கள். கத்தி அந்தரத்தில் நின்றது.

"எப்படி சார் சொல்றீங்க? கறி வேகலையா?"

"கறியைப் பத்தி வீட்டுலதான் கேக்கணும். கண்ணு வெளுக்கலை. ஃபிரிட்ஜுல வச்சா குட்டி ஆட்டுக் கண்ணு வெளுக்கும். இது வெளுக்கலை."

"இருபது வருஷமா கடை வச்சிருக்கேன். கறியை ஃபிரிட்ஜுல வச்சுக் கெட்டுப்போச்சுன்னு சண்டைக்கு வருவாங்க. கெடலைன்னு சண்டைக்கு வந்த ஆளு நீங்கதான் சார்."

ஒன்பது பேரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒருவர் மட்டும், "அண்ணே, சார் சொல்றது நெசமா? எனக்குப் போன வாரம் மூணு விசில் விட்டும் வேகலையே" என்றார். கடைக்காரர் அவரைப் பார்த்த பார்வையில், அந்த ஆடு எத்தனை பொங்கல் பார்த்தது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று எனக்கு மட்டும் உண்மையிலேயே இளங்குட்டித் தலையைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து வைத்தேன். வெளுத்தது, தெளிந்தது. மார்ச்சுக்குள் இன்னும் இரண்டு தலை வாங்கிப் பார்த்தேன், இரண்டும் வெளுத்தன. அந்தக் கடையில் எனக்கு யாரும் கிழட்டு ஆடு விற்பதில்லை என்ற மரியாதை இன்றுவரை இருக்கிறது. என் வாழ்நாளில் இயற்பியல் எனக்கு வாங்கிக் கொடுத்த ஒரே சலுகை அதுதான்.

இந்தக் கிழட்டு ஆட்டு விஷயத்தை மகளுக்குப் போனில் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்பா, வயசானா அப்படித்தான் ஆகும். வயசான லென்ஸ்ல புரோட்டீனெல்லாம் மாறிப்போயிருக்கும். குளிருக்குச் சேர்ந்து சூட்டுக்குக் கலையிறதெல்லாம் குட்டிக் கண்ணுலதான். உங்க கண்ணுல ஒட்டினது ஒட்டினதுதான். இட்லியைத் திரும்ப மாவாக்க முடியாதுல்ல."

"ஒன் மாதிரியில அது எங்க இருக்கு?"

"எது?"

"வயசு."

"இல்லப்பா. வயசை விட்டுட்டோம்."

"விட்டுட்டோம்னா?"

"நீங்க காற்றின் தடையைப் புறக்கணிக்கன்னு எழுதுவீங்கள்ல. அது மாதிரி."

அந்த வரியை எத்தனை கேள்வித்தாளில் எழுதியிருப்பேன் என்று கணக்குப் போட்டால் இருநூறுக்குக் குறையாது. கல்லை மேலிருந்து போட்டால் எப்போது விழும் என்று கேட்பேன், காற்றே இல்லாத புதுக்கோட்டையில். மாணவர்களும் சரியாக விடை எழுதுவார்கள். ஒருத்தன்கூட ஜன்னலைத் திறந்து ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தது கிடையாது. இப்போது என் மகள் வயதே இல்லாத ஆயிரம் உருண்டைகளைப் பெட்டிக்குள் அடைத்து ஓடவிடுகிறாள். கறிக்கடைக்காரரிடம் எல்லா ஆடும் இளங்குட்டி. எழுபத்து மூன்று வயதில் நான் கண்மேல் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு அந்த வரிசையில் சேர்ந்திருந்தேன்.

அப்படிச் சேர்ந்திருக்கிறேன் என்று அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு முன்னேற்றம் இருக்கும்மா. ஏழரை ஓடு" என்றேன்.

"என்னப்பா ஓடு?"

"அம்மாகிட்ட கேளு."

மார்ச் முடிந்தது. மூன்று மாதம் தாண்டியது. டாக்டரிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது, இரண்டு தடவையும் நான் வெந்நீரில் இருந்தேன். ஏப்ரல் வந்ததும் வெயில் ஏறியது. வாசலில் நின்றாலே நாற்பது. இனி வெந்நீர்கூட வேண்டாம், மே மாதம் வந்தால் சூரியன் செலவிலேயே கண் தெளிந்துவிடும் என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வெயிலுக்குக் கண்ணு தெளியும்னா நம்ம மாவட்டத்துல ஒருத்தருக்கும் புரை விழுந்திருக்கக் கூடாதேங்க. கந்தர்வக்கோட்டையில முந்திரிக் காட்டுல பொழுதன்னைக்கும் நிக்கிறவங்கதான் வண்டி வச்சு ஆபரேஷனுக்கு வாராங்க."

இதற்குப் பதில் இருந்தது. காற்று சூடாக இருப்பதும் வில்லை சூடாக இருப்பதும் வேறு வேறு. பதிலைச் சொல்ல ஆரம்பித்தேன். அதே வாதம் ஈரத் துணிக்கும் பொருந்தும் என்பது பாதியில் தெரிந்தது. நிறுத்திக்கொண்டேன். அவள் காம்புகளைத் தனியாக ஒதுக்கினாள்.

ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை மாலை ஒன்பதாவது ஓட்டில் நின்றேன். ஒன்பது ஓடு என்பது ஜனவரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சுவரைப் பார்த்தேன். எழுத்து கொஞ்சம் மங்கலாக இருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

"ராகு காலம், பத்தரை – பன்னிரண்டு" என்றேன்.

மனைவி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். "சரியாப் படிச்சீங்களா?"

"தெளிவா."

"கிட்டப் போய்ப் பாருங்க."

போனேன். ஓரடி தூரத்தில் நின்று பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் 25. அதன் கீழே வியாழன். அடியில் ராகு காலம், ஒன்றரை – மூன்று. நான் காலையில் கிழித்துக் குப்பையில் போட்ட நேற்றைய தாள். பின்னால் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தாள்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"ஞாயிறு நாலரை, திங்கள் ஏழரை, செவ்வாய் மூணு. இதெல்லாம் ஒங்களுக்குப் பிறந்ததிலேர்ந்து மனப்பாடம். கெழமை தெரிஞ்சாப் போதும், கண்ணு எதுக்கு? ஓடு ஓடாப் பின்னால போறீங்களேன்னு ரெண்டு மாசமாப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். ஒன்பது ஓட்டுக்கு மேல போனா வாசப்படி. விழுந்துருவீங்கன்னுதான் இன்னைக்கு ஒட்டுனேன்."

அந்தப் பெரிய 25கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நாலாவது ஓட்டுக்குப் போய் நின்று பார்த்தேன். இப்போது ராகு காலம் என்னவென்று தெரியும் என்பதால் அந்தச் சோதனையும் செல்லாது. அவள் எழுந்து, எப்போதோ கிழித்து வைத்திருந்த பழைய தாள் ஒன்றை, எந்தக் கிழமை என்று சொல்லாமல் பிடித்தாள். நாலில் தெரியவில்லை. மூன்றில் தெரியவில்லை. இரண்டில் கறுப்பாக ஏதோ இருந்தது.

"டாக்டருக்குப் போன் போடு" என்றேன்.

டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"ஏன் சார் லேட் பண்ணீங்க? நல்லா இறுகிப்போச்சு."

"வெந்நீர் ஒத்தடம் குடுத்துக்கிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்ற பார்வை. "சும்மா" என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டே, டிசம்பரில் சொன்ன ஆபரேஷன் இல்லை இது, கூடுதல் நேரம் ஆகும், இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு என்றார். இன்னொரு கண் இல்லாததால் ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். ஜாக்கிரதை இல்லாமல் செய்வதற்கு என்ன விலை என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் மேஜையில் படுத்ததும் முகத்தை மூடினார்கள். எண்ண ஆரம்பித்தேன். முந்நூறு வரை ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு முந்நூற்று எண்பதா நானூற்று எண்பதா என்று தவறிவிட்டது. எனக்கு நினைவு தெரிந்து எண்ணிக்கை தவறியது அந்த ஒரு தடவைதான். திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினேன். என் கை எதையோ பிடித்திருந்தது. அது நர்ஸின் கை என்று அப்புறம் தெரிந்தது.

அன்று கண்ணில் கட்டு. இடது கண்ணில் ஜன்னல் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரமாக இருந்தது. வீட்டில் சத்தங்களை வைத்து ஆட்களைக் கணக்கிட்டேன். ஃபிரிட்ஜ் ஓடியது. யாரோ காலண்டர் தாளைக் கிழித்தார்கள்.

"இன்னைக்குப் புதன்கிழமை" என்றாள் மனைவி. "ராகு காலம் ஒன்பது – பத்தரை."

"அது சனி. புதன் பன்னெண்டு – ஒண்ணரை."

"பார்த்தீங்களா, கட்டுப்போட்டிருக்கும்போதே படிச்சிட்டீங்க. எதுக்கு இருபத்து நாலாயிரத்தைக் குடுத்தோம்?"

நான் சிரித்தேன். சிரிக்கக் கூடாது, கண்ணில் அழுத்தம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவளிடம் அதைச் சொன்னேன். அதற்கும் சிரித்தாள்.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் தெரிந்தது டாக்டரின் சட்டைப் பொத்தான், நாலு துளை. வீட்டுக்கு வந்து ஒன்பதாவது ஓட்டில் நின்றேன். மனைவி கிழமை சொல்லாமல் ஒரு தாளைப் பிடித்தாள். செவ்வாய், மூன்று – நாலரை. அடியில் அச்சகத்தின் பெயரைக்கூடப் படித்தேன். கூடத்து மூலையில் ஒட்டடை எத்தனை என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அந்த வாரம் மகள் போன் செய்தாள். என் ஆட்டுக் கண் கதையை ஆய்வகத்தில் சொன்னாளாம், எல்லோரும் சிரித்தார்களாம். சிரித்துவிட்டு, உருண்டைகளுக்கு வயது கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்களாம். நேரம் ஆக ஆக, ஒட்டியது சிலது பிரியாமல் போகும்படி ஓர் எண்ணைச் சேர்ப்பார்கள்.

"ஒரே ஒரு எண்ணா?"

"ஒண்ணு போதும்பா. ரொம்ப சேர்த்தா மாதிரி புரியாமப் போயிரும்."

சேர்க்கட்டும். எனக்கு அந்த ஓர் எண்ணின் விலை தெரியும். ஆபரேஷன் இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் ஆயிரத்து அறுநூற்று நாற்பது, ஆட்டுத் தலை ஐந்துக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது, வெப்பமானி முந்நூற்று எண்பது, கெடாத ஃபிரிட்ஜைப் பார்த்ததற்கு முந்நூற்றைம்பது, புதுத் தயிர்ச் சட்டி இருநூற்றுப் பதினைந்து. ஆக மொத்தம் இருபத்தெட்டாயிரத்து முந்நூற்று முப்பத்தைந்து ரூபாய்.